மைக் செட்டில் வந்த கணக்குப் பாடம்

இப்போதெல்லாம் ஆசிரியர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்களாம். ஒருவர் ஓர் ஊரில் உட்கார்ந்து பாடம் நடத்த, நாலு ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்க, அங்கங்கே இருக்கும் ஆசிரியர்கள் ஒரே பலகையில் எழுத, எல்லாரும் சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி என்று. போன மாதம் ஓர் இளம் ஆசிரியை இதை ஏதோ உலக அதிசயம் மாதிரி எனக்கு விளக்கினாள். "அட போம்மா" என்றேன். எண்பதுகளின் தொடக்கத்திலேயே புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண மைக் செட்டை வைத்துக்கொண்டு நாங்கள் இதைச் செய்துவிட்டோம். அதனால் எனக்கு என்ன ஆனது என்பதுதான் கதை.

நான் அந்தப் பள்ளியில் தமிழாசிரியை. பத்தாம் வகுப்பில் மூன்று பிரிவு. கணக்குக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவரை வருஷத் தொடக்கத்திலேயே காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். காரைக்காலுக்குப் போனவர் போனவர்தான், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மிச்சமிருந்த கணக்கு சார் ஒற்றை ஆளாக மூன்று பிரிவுக்கும் ஓடினார். என் வயதுதான் இருக்கும், சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பாடம் தமிழில் நடத்துவார். மனக்கணக்கு மட்டும் வாய்க்குள்ளே பிரெஞ்சில், காத்ர், சேங்க், சீஸ் என்றுதான் ஓடும். தொண்டையோ ஏற்கெனவே பலவீனம். மத்தியானத்துக்குமேல் அவர் பேசுவது அவருக்கே கேட்காது. பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள். அதிலும் என் பொறுப்பில் இருந்த பி பிரிவில் பாதிப் பேர் மில் வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்; பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு, டியூஷனுக்கெல்லாம் வழியில்லை. இன்னொரு கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஆவன செய்யப்படும் என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெரியவர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், பள்ளிக்கு ஒரு மைக் செட் வாங்கித் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை: தினமும் காலையில் உபயதாரர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னால் போகிறது! வகுப்புக்கு ஒரு ஸ்பீக்கர் மாட்டினார்கள். மாட்டிய ஆள் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறவன். சோதித்துப் பார்க்க மைக்கைக் கையில் எடுத்தவன் பழக்கதோஷத்தில், "மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் பெரியோர்களே, பந்தி தயாரா இருக்கு" என்று மூன்று வகுப்புக்கும் அறிவித்துவிட்டான். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்கள்.

யோசனை ஹெட்மாஸ்டருடையது. கணக்கு சார் ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து மைக்கில் பாடம் நடத்துவார். மூன்று பிரிவிலும் ஒரே நேரத்தில் கேட்கும். அந்தந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் நின்று, குரல் சொல்வதைப் போர்டில் எழுத வேண்டும். ஏ பிரிவுக்கு டிரில் மாஸ்டர். சி பிரிவுக்குத் தையல் டீச்சர். பி பிரிவுக்கு நான்.

எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் எப்படித் தேறினேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. என் ஓய்வு நேரத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, செய்யுள் எழுத வேண்டிய கையில் காம்பஸைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஹெட்மாஸ்டரிடம் சண்டைக்கே போனேன். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா. புது ஆளு வந்ததும் உங்கள விட்டுடறேன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் புது ஆள் வரவேண்டும் என்று பிள்ளையாரை நான் வேண்டிக்கொண்ட மாதிரி, கல்யாணமாகாத பெண்கூட மாப்பிள்ளைக்கு வேண்டியிருக்க மாட்டாள்.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். ஸ்பீக்கரில் குரல் வந்தது: "இங்க ஒரு புள்ளி வைங்க." எங்கே? "இதோ, இதுலேர்ந்து அதுக்கு ஒரு கோடு இழுங்க." எதிலிருந்து எதற்கு? பாவம், மனுஷன் தனக்கு முன்னால் இருந்த மேஜைமேல் சாக்பீஸால் வரைந்துகொண்டே பேசியிருக்கிறார். ஆள் முன்னால் நிற்கும்போது வாய் பிரெஞ்சில் எண்ணினாலும் கை போர்டில் எழுதிவிடும். இப்போது வாய் மட்டும்தானே வந்து சேர்கிறது? காத்ர் என்றால் எத்தனை என்று நான் பிள்ளைகளைப் பார்த்தேன், பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வட்டம் போட்டுவைத்தேன்.

அடுத்த நாள் கொஞ்சம் தெளிந்து, "கதவுப் பக்கம் ஒரு புள்ளி, ஜன்னல் பக்கம் ஒரு புள்ளி" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் ஏ பிரிவில் கதவு இடது பக்கம், சி பிரிவில் வலது பக்கம். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் நோட்டை வைத்துக்கொண்டு எங்கள் முக்கோணம்தான் சரி, உங்களுடையது கோணல் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப்போன டிரில் மாஸ்டரும் ஏ பிரிவுக்கு வக்காலத்து வாங்கினார். தையல் டீச்சர் சும்மா விடுவாளா? அன்று சாயங்காலம் வரை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்புறம் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். மூன்று அறைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? தையல் டீச்சர்தான் சொன்னாள்: "ஊரு இருக்கே." அட! புதுச்சேரியில் பிறந்த எந்தப் பிள்ளையிடமும் கடல் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை. போர்டையே ஊர்ப் படமாக வைத்துக்கொண்டோம். வலது கைப் பக்கம் கடல். மேலே காலாப்பட்டு. கீழே கடலோரமாக அரியாங்குப்பம். இடது கீழ் மூலையில் வில்லியனூர். முக்கோணம் தயார். நடுவில் கோடு போட வேண்டுமா? கோரிமேட்டிலிருந்து முத்தியால்பேட்டைக்கு இழு. அதன்பிறகு மூன்று வகுப்பிலும் ஒரு முக்கோணம்கூடக் கோணவில்லை. அரையாண்டுத் தேர்வில் ஒரு பையன் "வில்லியனூரில் உள்ள கோணமும் அரியாங்குப்பத்தில் உள்ள கோணமும் சமம்" என்று எழுதிவைத்தான். கணக்கு சார் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, பொதுத்தேர்வில் மட்டும் தயவுசெய்து ஏ, பி, சி என்று எழுதும்படி மைக்கிலேயே கெஞ்சினார்.

இன்னொரு தொல்லை, குரல் அங்கிருந்து வரும், இங்கிருந்து எதுவும் போகாது. புரியவில்லை என்று யாரிடம் சொல்வது? மைக் செட்காரன் கல்யாணப் பந்தலுக்குக் கட்டும் கலர் பல்பில் மூன்றைக் கழற்றி ஹெட்மாஸ்டர் அறையில் மாட்டிக்கொடுத்தான். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சுவிட்ச். ஒரு தடவை எரிந்தால் "மெதுவா", இரண்டு தடவை எரிந்தால் "திரும்பச் சொல்லுங்க". ஏ பிரிவுக்குப் பச்சை, சி பிரிவுக்கு மஞ்சள், பி பிரிவுக்குச் சிவப்பு. சிவப்பு அணையவே இல்லை.

"டீச்சர், உங்க சுவிட்ச்ல ஷார்ட் சர்க்யூட்டா?" என்று ஒரு நாள் கணக்கு சார் கேட்டார்.

"சுவிட்ச்சுக்கு ஒண்ணும் இல்ல சார், எனக்குத்தான் மண்டையில ஏறல."

"பிள்ளைங்களுக்கு?"

"அதுங்களுக்கு எப்பவோ புரிஞ்சிடுச்சு. என்னைப் பார்த்துப் பாவப்பட்டு உக்காந்திருக்குதுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்காக ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சொன்னார். சொல்லிச் சொல்லி அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. தை மாதத்துக்குள் மைக்கில் பாதி நேரம் இருமல்தான் வந்தது. மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் கொண்டுபோய்க் கொடுப்போம். எனக்கு என் ஓய்வு நேரம் வேண்டும் என்று இருந்தது போய், இந்த மனுஷனுக்காகவாவது அந்தப் புது ஆள் வந்துதொலைய வேண்டும் என்று ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு செய்தி வந்தது. மேலிடத்து அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வருகிறார். கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று நாங்கள் கேட்ட விண்ணப்பம் அவர் கையில்தான் இருக்கிறது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மைக் செட், கலர் பல்பு, ஊர்ப் படம் எல்லாவற்றையும் காட்டி அசத்திவிடலாம் என்று குதித்தோம். ஹெட்மாஸ்டர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் நல்லா நடக்குதுன்னு அவர் பார்த்துட்டா, அப்புறம் எதுக்குத் தனியா ஒரு ஆளுன்னு கேக்க மாட்டாரா?" என்றார்.

மாங்கு மாங்கென்று உழைத்து, எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஹெட்மாஸ்டர், கணக்கு சார், நான் மூன்று பேரும் சேர்ந்து திட்டம் போட்டோம். அதிகாரி பி பிரிவில் வந்து நிற்பார். தேற்றத்தின் பாதியில் கணக்கு சார் ஒயரைப் பிடுங்கிவிடுவார். ஸ்பீக்கர் செத்துவிடும். பாடம் நடுவழியில் நிற்கும். மிஷின் இருந்தாலும் ஆள் இல்லாமல் ஆகாது என்று அதிகாரி கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். என் வேலை ஒன்றே ஒன்று.

"வாயைத் தொறக்காதீங்க டீச்சர். அது போதும்" என்றார் கணக்கு சார். ஏன் இத்தனை பேரில் என்னிடம் மட்டும் இதைச் சொல்கிறார் என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அதிகாரி வந்தார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஹெட்மாஸ்டரோடு நின்றார். ஸ்பீக்கரில் இருமலும் குரலுமாகப் பாடம் வந்தது. அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தால் அது மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்கிற தேற்றம். காலாப்பட்டு, வில்லியனூர், அரியாங்குப்பம் வைத்தேன். நடுவில் கோரிமேட்டிலிருந்து முத்தியால்பேட்டைக்குக் கோடு. கோரிமேட்டை அரியாங்குப்பத்தோடும், முத்தியால்பேட்டையை வில்லியனூரோடும் சேர்த்தேன். "இப்ப வில்லியனூர் முக்கோணமும் அரியாங்குப்பம் முக்கோணமும் பரப்புல சமம். ஏன் சமம்? ஏன்னா..." என்றது குரல். டப்பென்று நின்றது.

திட்டப்படி நடந்துவிட்டது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அதிகாரி ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். "அவ்வளவுதானா பாடம்? என்னங்க சார் இது, இதை நம்பியா பிள்ளைங்க பரீட்சை எழுதுது?" என்றார். ஹெட்மாஸ்டர் சோகமாகத் தலையாட்டினார். என்ன நடிப்பு! இன்னும் ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் புது ஆள் வந்தாயிற்று.

முன்வரிசையில் ஒரு பெண், பென்சிலை நோட்டில் வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், ஏன் சமம்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"டீச்சர், சொல்லுங்க டீச்சர். ஏன் சமம்?"

"விடும்மா, அவங்கள ஏன் தொல்ல பண்ற?" என்றார் அதிகாரி, ரொம்பக் கனிவாக. "அவங்க தமிழ் டீச்சர். பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்?"

திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் என்றாரே, அங்கேதான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் சமமா?" என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன். "ரெண்டுக்கும் அடிப்பக்கம் எது? கோரிமேடு முத்தியால்பேட்டைக் கோடு. ஒண்ணுதானே? வில்லியனூரும் அரியாங்குப்பமும் எங்க இருக்கு? அதுக்கு இணையான கோட்டுமேல. அப்ப உயரமும் ஒண்ணு. அடியும் ஒண்ணு, உயரமும் ஒண்ணு, பரப்பு மட்டும் எப்படிடி வேறயா இருக்கும்?"

"ஆமா டீச்சர்!" என்று வகுப்பே சொன்னது. அப்புறம் என்னை யார் நிறுத்த முடியும்? சிவப்பு பல்பைப் போட்டுப் போட்டு மூன்று தடவை கேட்டதெல்லாம் தானாக வந்தது. காலாப்பட்டு முக்கோணத்தை எடுத்தேன், அந்த இரண்டு முக்கோணத்தாலும் வகுத்தேன், விகிதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன், கீழே இரண்டு கோடு போட்டு முடித்தேன். முடித்தபிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. என் வாயில் புற்று வளர! ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அதிகாரி கைதட்டினார். "ஏன் சார், இவ்வளவு அருமையா கணக்கு நடத்துற அம்மாவை வச்சிக்கிட்டு, எதுக்கு சார் எங்ககிட்ட புதுசா ஆளு கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே போனார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர், "இல்லீங்க சார், அது வந்து" என்று ஓடினார்.

என்ன ஆயிற்று என்று தெரியாமல் கணக்கு சார் வேகமாக உள்ளே வந்தார். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க சார். சும்மா இருக்க முடியல. உங்களுக்கு வரவேண்டிய ஆளை நானே கெடுத்துட்டேன்."

"ஒரு தப்பும் இல்ல" என்றார். போர்டைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று பார்த்தேன். குரலே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "கணக்குக்கு இன்னொரு ஆளு வேணும்னுதானே கேட்டோம்? வந்தாச்சே."

பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பி செக்‌ஷன், இனிமே இவங்கதான் உங்களுக்குக் கணக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக நிம்மதியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

முன்வரிசைப் பெண் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள். "டீச்சர், அடுத்த தேற்றம்?"

அடுத்த தேற்றம் சத்தியமாக எனக்குத் தெரியாது.