காலியான ரோட்டைத் தேடிப் போனவன்

முதலில் ஒரு மன்னிப்பு. என் எழுத்தைப் படித்து அச்சில் ஏற்றும் அம்மா போன வாரம் போன் செய்தார். "சார், மூணாவது பக்கத்துல கறுப்பா ஒண்ணு இருக்குதே... அது எழுத்தா, எறும்பு நசுங்கிக் கிடக்குதா?" என்று கேட்டார்.

எழுத்துதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை வேறு எப்படி எழுதும்? எந்த 'ர' எங்கே வரும் என்று இன்றும் எனக்கும் தமிழுக்கும் தகராறு. அந்த அம்மாவும் நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கூட்டம் என்றால் ஆகாது. நாலு பேர் நின்றால் ஐந்தாவதாக நிற்கக் கூச்சம். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. தோலில் எங்கே கீறல், எங்கே ஓட்டை என்று முதலில் பார்த்து, அதைத் தவிர்த்து வெட்ட வேண்டும். இருபத்தைந்து வருடமாக இதே வேலை. அதனாலோ என்னவோ... பண்டிகைப் பயணத்தையும் அப்படித்தான் வெட்டுவேன். ஊரே கிளம்பும் நாளில் நான் கிளம்ப மாட்டேன். ஊரே போகும் ரோட்டில் போக மாட்டேன்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தப்பு நடந்துவிட்டது.

என் மனைவி மல்லிகாவின் அக்கா கல்யாணமாகி பம்பாயில் இருக்கிறார். அந்தத் தீபாவளிக்கு, நாலு வருடம் கழித்து, திமிரியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நான் என்ன செய்தேன்? கூட்டம் வடியட்டும் என்று ஒரு நாள் தள்ளிக் கிளம்பினேன். ரோடு காலி. சொகமாகப் போய்ச் சேர்ந்தோம். வீடும் காலி! அக்கா ரயிலுக்குப் போய்விட்டார். அவர் காபி குடித்த டம்ளர் இன்னும் கழுவாமல் இருந்தது. மல்லிகா அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளே அதைக் கழுவிக் கவிழ்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இந்தப் பொங்கலுக்கு அக்கா மறுபடி வந்தார். மாட்டுப் பொங்கல் அன்று மதியம் இரண்டரைக்குக் காட்பாடியில் ரயில்.

"போகிக்கே போய்டலாங்க" என்றாள் மல்லிகா.

"போகிக்கும் பொங்கலுக்கும் ஹைவேல கால் வைக்க முடியாது. மாட்டுப் பொங்கல் காலைல எவன் ரோட்டுக்கு வருவான்? எல்லாரும் வீட்ல கறி தின்னுட்டு இருப்பான். ஏழு மணிக்கு ஆம்பூர விட்டா பத்துக்கு உங்க அக்கா முன்னாடி நிக்கிற."

"ஆறு வருஷம் ஆச்சு. இந்தத் தடவயும் விட்டுப்போச்சுன்னா..." என்றாள்.

விடியுமுன் எழுந்து அக்காவுக்குப் பிடித்த பிரியாணி செய்தாள். ஒரு தூக்கு நிறைய. பைக்கில் கிளம்பினோம். அன்றைக்கும் எதற்கு வம்பு என்று மாதனூரில் ஹைவேயை விட்டு இறங்கி, குடியாத்தம், காட்பாடி... ரோடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "பார்த்தியா?" என்று பத்துத் தடவையாவது திரும்பிச் சொல்லியிருப்பேன்.

ஒன்பதரை மணிக்குத் திருவலம் பக்கம் ஒரு ஊர். ரோட்டின் குறுக்கே கயிறு. அதற்கு அந்தப் பக்கம் தலைகள். மரத்தின் மேல் தலைகள், மாடி மேல் தலைகள். மைக்கில் ஒருவர் அலறிக்கொண்டிருந்தார்.

மாடு விடும் விழா. தெருவில் மாடுகளை ஒவ்வொன்றாக ஓட விட்டு, எது வேகம் என்று பார்ப்பார்கள்.

இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மாட்டுப் பொங்கலுக்கு ஊர் ஊராக மாடு விடுவார்கள் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் எப்படி மறந்தது? காரையும் லாரியையும் கணக்குப் போட்டேனே தவிர, மாட்டைப் போடவில்லை!

கயிற்றைப் பிடித்திருந்தவரிடம் கேட்டேன். "எப்ப தொறப்பீங்க?"

"ஒண்ணு, ஒண்ணரை ஆவும்ணே. இன்னா அவசரம்? மாட்டப் பாருண்ணே."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் அதற்குள் வேனும் டெம்போவும் அடைத்துவிட்டன. மல்லிகா தூக்கை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா... நாங்க வர முடியாது போல. வழியில மாட்டிக்கினோம்..."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "எத்தன தடவ போன் போட்டேன், எடுக்கவே இல்ல! நானும் வழியிலதாண்டி நிக்கிறேன்! உங்க மாமா, ஹைவேல டிராபிக் ஜாஸ்தியா இருக்கும், மாட்டிப்போம்னு காலைலயே கார்ல ஏத்திட்டாரு. ராணிப்பேட்ட வழியா வந்தா ஏதோ ஊர்ல மாடு விடுறாங்களாம். பின்னாடி லாரி. திருப்பவும் முடியல."

மல்லிகா என்னைப் பார்த்தாள். மைக் சத்தம் இங்கே காதில் விழுந்தது. அதே சத்தம் போனுக்குள்ளிருந்தும் வந்தது.

ஒரே ஊர். ஒரே தெரு. நாங்கள் மேற்குக் கயிற்றில், அவர்கள் கிழக்குக் கயிற்றில். நடுவில் மாடு ஓடுகிறது.

"ரோடு தொறந்த உடனே மாமா ரயிலுக்குப் பறப்பாரு" என்றாள் மல்லிகா. "கைய ஆட்டத்தான் நேரம் இருக்கும். இப்பவே அந்தப் பக்கம் போணும். நீங்க போய்ப் பேசுங்க."

நானா? அந்தக் கூட்டத்திலா?

டம்ளர் ஞாபகம் வந்தது. போனேன். இடித்துப் பிடித்து மேடைக்குப் பக்கத்தில் சேர்ந்தபோது சட்டையில் ஒரு பட்டன் இல்லை. மைக்காரரிடம் காதோடு காதாகச் சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கல, சத்தமா சொல்லுண்ணே" என்றவர் மைக்கை என் வாயருகில் நீட்டிவிட்டார்.

"என் வீட்டுக்காரம்மா... அவங்க அக்காவப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. அக்கா அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

ஊர் முழுக்க இருந்த ஹாரன் ஸ்பீக்கரில் யாரோ நடுங்கிக்கொண்டே பேசினார்கள். அது நான்தான் என்று புரிய ஒரு நொடி ஆனது.

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு விசில்!

மைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடுத்த மாட்ட நிறுத்துங்கப்பா! ரெண்டு நிமிஷம்! அண்ணன் வர்றாரு, அண்ணி வர்றாங்க, கையில பிரியாணி வருது! யாரும் மறிக்கக் கூடாது!"

கயிற்றைத் தூக்கிவிட்டார்கள். பைக்கை அங்கேயே ஒருவர் பார்த்துக்கொண்டார். நானும் மல்லிகாவும் மாடு ஓடும் தெருவில் நடந்தோம்.

என்ன சொல்ல... என் வாழ்க்கையில் அவ்வளவு காலியான ரோட்டை நான் பார்த்ததில்லை. ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் மட்டும் சில ஆயிரம் பேர், என்னையே பார்த்துக்கொண்டு.

"தல நிமுந்து நடண்ணே!" என்றான் ஒருவன்.

"மாட்ட விட அண்ணி வேகம்டா!" என்றான் இன்னொருவன். உண்மைதான். மல்லிகா என்னைப் பாதித் தூரத்திலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தாள்.

கிழக்குக் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஒரு அம்மா வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அதுதான் அக்கா. இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். மைக்காரர் அதையும் விடவில்லை. "சேந்துட்டாங்கப்பா! ஜெயிச்சுட்டாங்க!"

காரின் பின்கதவைத் திறந்து, அங்கேயே பிரியாணி. சகலை என் தோளில் கை போட்டார். "ஹைவேல போயிருந்தா இந்தக் கஷ்டம் இல்ல, இல்ல சகல?"

"அண்ணே, ஹைவேல போயிருந்தா நீங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம் போயிருப்போம்."

அவர் யோசித்தார். தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

மூன்று மணி நேரம் கிடைத்தது. சகோதரிகள் என்ன பேசினார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. பல்வலி, மிக்ஸி, யார் யாருக்குச் சர்க்கரை. நடுநடுவே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றேகாலுக்குக் கயிறு அவிழ்ந்ததும் எல்லா வண்டியும் சந்தோஷமாக ஹாரன் அடித்தது. அந்த ரோட்டிலேயே முகம் வாடி நின்றவர்கள் இரண்டே பேர்.

"இன்னும் ரெண்டு மாடு விட்டிருக்கலாம்" என்றார் அக்கா.

ரயில் கிடைத்துவிட்டது என்று மூன்று மணிக்குப் போன் வந்தது.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனேன். அன்றைக்கு ஹைவேயில் ஆற்காட்டுக்குப் போன தோஸ்த் ஒருவன் சொன்னான். "ரோடு அப்டியே காலிப்பா. ஒண்ணரை மணி நேரத்துல போய்ட்டேன்."

எனக்கு ஏனோ பொறாமையே வரவில்லை. கூட்டத்தைத் தவிர்த்துத் தவிர்த்து இத்தனை வருடத்தில் யார் யாரையெல்லாம் தவிர்த்திருக்கிறேன்... அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். மைக்கில் பேசியதை எழுத வெட்கம். மூடி வைத்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. இன்று மல்லிகா பேனாவை எடுத்து எதிரில் வைத்து, "ஊரே கேட்டுச்சு, இனிமே இன்னா வெக்கம்?" என்றாள்.

எழுதிவிட்டேன். மாசி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.