கொக்கின் குரல்

காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் வாயைத் திறக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, காது சிவக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. வெளியே காரில் சாய்ந்தபடி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த மச்சான் கதவைத் திறந்து தலையை நீட்டுகிறான்.

"வந்துச்சா மாமா?"

"இருமல் வந்துச்சு."

"விடுங்க, நான் கத்திக்கறேன். பொறந்ததுலேருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்."

ஆட்டம் உள்ள எல்லா நாளும் காலையில், மற்றவர்கள் வந்து சேருமுன், கிளப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் இந்தக் கச்சேரி நடக்கும். கோல்ஃப் ஆடியே குடும்பம் நடத்துகிற மனிதர் அவர். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. நெடுநெடுவென்று உயரம், கொஞ்சம் கூன். பந்துக்கு முன்னால் போய் நின்றால், எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டாரோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அசையாமல் நிற்பார். சக ஆட்டக்காரர்கள் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளில்லை.

இருபது வருடமாக இடது கையில் மட்டும் உறை மாட்டி ஆடியதில், அந்தக் கை வெளுத்தும் வலது கை கருத்தும் போய்விட்டன. சாப்பிட உட்காரும்போது, "வலது கையைக் கழுவவே இல்லையாப்பா?" என்று மகள் சீண்டுவாள். ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கமாட்டார். தண்ணீர் டம்ளரைத் தரைவிரிப்பில் சாய்த்து வைத்து அதற்குள் பந்தை உருட்டிப் பார்ப்பார். மட்டைப் பையைச் சுமப்பது மச்சான், மனைவியின் தம்பி. அந்த வேலைக்கு கேடி என்று பெயர். "என்ன வேலை பாக்கறேன்னு கேட்டா கேடின்னு சொல்ல வேண்டியிருக்கு மாமா. எவன் பொண்ணு குடுப்பான்?" என்பது அவனுடைய நிரந்தரப் புலம்பல்.

இந்த ஆட்டத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. அடித்த பந்து தடம் மாறி ஆட்கள் இருக்கும் பக்கம் போனால், அடித்தவர் உடனே உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும். போன வருடம் ஒரு பந்து அப்படிப் போனபோது கொக்கு முறைப்படி கத்தினார். நல்ல கனத்த குரல் அவருக்கு. வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் முதுகைக் காட்டி நின்ற ஒரு பெண்மணி, குரல் வந்த திசையில் திரும்பினார். பந்து நேராகக் கண்ணில் பட்டது.

அந்தப் பெண்மணி பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவர். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்ற கொக்கை அவர் திட்டவில்லை. ஒரு கண்ணைக் கட்டியிருந்த நிலையில், சாதாரணமாகத்தான் சொன்னார்: "என்னைத்தான் யாரோ கூப்பிடறாங்கன்னு நெனச்சேன் சார்."

கத்தாமல் இருந்திருந்தால் பந்து முதுகில் பட்டிருக்கும், ஒரு வாரம் வலித்திருக்கும். அன்று அடைத்தது கொக்கின் தொண்டை. மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்து, குரலில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கோளாறு இல்லைதான், பயம் இருக்கிறது. தெருவில் முன்னால் போகும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஓடிப்போய்த் தோளைத் தொடுவார். கடையில் கடைக்காரர் தானாக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார். சமையலறையில் இருக்கும் மனைவியை முன்னறையிலிருந்து போன் போட்டு அழைப்பார். "பக்கத்து ரூம்லேருந்து போன் பண்ற புருஷன் எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே எடுப்பார். வெளியூரில் ஆட்டம் என்றால் ராத்திரிப் போனில் ஜெயித்தீர்களா என்று கேட்பதில்லை. "இன்னிக்காவது கத்தினீங்களா?" என்றுதான் கேட்பார்.

கத்த முடியாதவர் என்ன செய்வார்? பந்து தடம் மாறவே கூடாதென்று சின்ன மட்டையாலேயே ஆட ஆரம்பித்தார். சின்ன மட்டைக்குப் பந்து அடங்கிப் போகும், ஆனால் தூரம் போகாது. தூரம் போகாததற்குக் கூடுதல் அடி அடிக்க வேண்டும்; இந்த ஆட்டத்திலோ குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. ஒவ்வொரு ஊரிலும் முதல் இரண்டு நாள் ஆட்டத்தோடு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாதியில் இவர் தவறாமல் இருந்தார். இந்த முறையும் அப்படி அனுப்பினால், அடுத்த வருடம் தொழில்முறை ஆட்டங்களில் அவருக்கு இடமே கிடையாது. வேறு தொழில் எதுவும் அவருக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் கடைசிக் குழி. வழக்கமாக அடிப்பதைவிட ஓர் அடி குறைத்து முடித்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. நடுவில் ஒரு மேடு மறைப்பதால், பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க யாராவது முன்னால் போய் நிற்க வேண்டும்.

"பெரிய மட்டையை எடுங்க மாமா. வேற வழியில்ல."

"அப்ப நீ இங்கயே நில்லு."

"நான் மேட்டு மேல நிக்கலேன்னா பந்தை யாரு பாக்கறது? ஒண்ணும் ஆகாது."

"ஆச்சுன்னா?"

மச்சான் பையை இறக்கி வைத்துவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தான்.

கொக்கு பெரிய மட்டையை உருவிக்கொண்டு பந்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அடித்தார். பந்து கிளம்பியபோது நேராகத்தான் போனது. உச்சிக்குப் போனபின் வலப்பக்கம் வளைய ஆரம்பித்தது. அந்தப் பக்கம், மேடு மறைக்காத ஒரு மரத்தடியில், கயிற்றை ஒட்டி முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானோ இடப்பக்கம் தேடிக்கொண்டிருந்தான். பந்து வருவதைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

கத்தினால் திரும்புவார்கள். கத்தாவிட்டாலும் பந்து அங்கேதான் இறங்கப் போகிறது. வாய் திறந்தது.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!"

ஆட்டக்காரர்கள் கத்துகிற வார்த்தை அதுவல்ல. குரலும் பழைய குரலாக இல்லை, கீறிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். டக்கென்று ஒரு சத்தம். மரமா மண்டையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மேட்டின் மேலிருந்து மச்சான் இரண்டு கையையும் ஆட்டிக் குதித்தான். "மரத்துல பட்டு உள்ள வந்துடுச்சு மாமா! அருமையா கெடக்கு! வாங்க, அடிங்க!"

கொக்கு மட்டையைக் கீழே போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினார். கயிற்றோரமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பேன்ட்டைத் தட்டிவிட்டு எழுந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைகுலுக்க வந்தார். கொக்கு அவர் கையை விட்டுவிட்டுக் கண்களைப் பார்த்தார். கடைசியில் ஒரு சிறுமி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மரத்துலேருந்து தூசி விழுந்துடுச்சு சார். வேற ஒண்ணுமில்ல" என்றாள் அவளுடைய அம்மா.

அவர் மண்டியிட்டு அந்தக் கையை மெல்ல விலக்கினார். கண் சிவந்து நீர் வழிந்தது. அவளுடைய நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டு, இன்னொரு கையின் விரல்களை அவள் முன்னால் தூக்கிக் காட்டினார்.

"இது எத்தனை விரல், பாப்பா?"

"ரெண்டு."

"இது?"

"நாலு."

நடுவர் கடிகாரத்தைத் தட்டிக்காட்டியபடி பின்னால் வந்து நின்றார். "சார், இப்பவே போய் ஆடலேன்னா ஒரு அடி கூட்டிடுவேன். அதோட உங்க ஆட்டம் முடிஞ்சுது. தெரியுமில்ல?"

கொக்கு திரும்பவில்லை. ஒரு விரலை மடக்கிவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"இப்ப?"