ஏர்கான் ராமதாஸ் செய்த சில்லர்

ராமதாஸ் தன் மனைவி தனலெட்சுமிக்கு நாலாயிரம் மலேசிய வெள்ளி கடன்பட்டிருந்தார். முப்பத்தைந்து வருஷத்துக் கடன். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கிலிருந்து புலாவ் திக்குஸ் வரைக்கும் ஏர்கான் ராமதாஸ் என்றால் தெரியாத ஆள் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பதின்மூன்று வயதில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் கேஸ் சிலிண்டர்த் தோம்பு தூக்கப் போய், பார்த்துப் பார்த்தே குழாய் பற்றவைக்கக் கற்று, சொந்த வேன் வாங்கி, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மேல்மாடி முழுவதையும் குளிர வைத்தவர். போனில் கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டே எது போச்சு என்று சொல்லிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, சொன்னது தப்பினதில்லை. சொல்லி முடித்த கையோடு இன்னொன்றும் கட்டாயம் வரும்.

"ஒருத்தன்கிட்ட ஒரு காசு கடன் வாங்குனதில்ல தம்பி. எல்லாம் இந்தக் கை."

அந்த வேன் தனலெட்சுமியின் காசில் வந்தது. கணினிச் சிப் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து, நகைக்கென்று அவள் சேர்த்து வைத்த காசு. "அப்புறமா குடுங்க" என்றாள். அவர் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன வருஷம் அவர்கள் மகன் ஹரீஷ் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனான், வழியில் விபத்து, திரும்பவில்லை. ராமதாஸ் அழவில்லை. அழுகை வரும் என்று சில நாள் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதும் நின்றுபோனது. சாப்பிட்டார், குளித்தார், செய்தி பார்த்தார். தேநீரில் சீனி போட மறந்து தனலெட்சுமி கொடுத்த நாட்களில் அதையும் குடித்து வைத்தார். குடித்த பிறகும் சீனி இல்லாதது தெரியவில்லை.

ஹரீஷ் விட்டுப்போனது ஹாலில் இருந்த கடல்நீர் மீன்தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், கல்லிடுக்கில் ஒரு இறால், நடுவில் ஒரு அனிமோன். பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிர். காசளவில் வாங்கி வந்ததைச் சோற்றுத்தட்டு அகலத்துக்கு அவன் வளர்த்திருந்தான். மீன் இரண்டும் அதன் மடியில்தான் படுக்கும். தனலெட்சுமி வீட்டில் வாய் திறந்து பேசியது அந்தத் தொட்டியிடம் மட்டும்தான்.

மார்ச் மாத வெயிலில் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரிக்கு ஏறியது. மின்விசிறி வைத்தும் இறங்கவில்லை. அனிமோன் சுருங்க ஆரம்பித்தது.

"ஏங்க, ஹரீஷ் மீன் வாங்குன யூசுப் கடையில சில்லர் இருக்காம். தண்ணிய குளிர வைக்கிற மெஷினு" என்றாள் தனலெட்சுமி. "பம்பு, குழாயோட மூவாயிரத்து எண்ணூறு."

"மூவாயிரத்து எண்ணூறா? பினாங்கையே குளிர வெச்சவன் நான். நான் போயி கடையில குளிரு வாங்கணுமா? ஊரு சிரிக்கும்லா!"

"சூடு தாங்காம செத்துரும்ங்க."

"ரெண்டு நாள் குடு."

ஸ்டோரில் பழைய ஆபீஸ் தண்ணீர்க் கூலர் ஒன்று கிடந்தது. அதன் கம்ப்ரசரைக் கழற்றினார். புதுச் செம்புக் குழாயைப் பெயிண்ட் டின் மேல் சுற்றி, ஸ்பிரிங் மாதிரி வளைத்தார். ஒரு நசுங்கல் கிடையாது. வெள்ளிக் கம்பி வைத்துப் பற்றவைத்து, கேஸ் நிரப்பி, சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. இந்தத் தீவில் இன்னொரு ஆள் அப்படிச் செய்துவிட முடியாது. மகனின் தொட்டிக்குச் செய்கிறோம் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தார். மனசு ஒன்றும் சொல்லவில்லை. கை வேலையை முடித்தது.

தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி மேலேறுகிற சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் செம்புச் சுருளை இறக்கினார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் இருபத்தாறு.

"பாத்தியா?" என்றார். தனலெட்சுமி கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

முதலில் இறால் போனது, மல்லாக்கக் கிடந்தது. "வயசாயிருக்கும்" என்றார் ராமதாஸ். அடுத்து அனிமோன். தண்ணீர் குளிர்ந்தும் அது விரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, பிடித்திருந்த கல்லை விட்டு மிதந்தது. மீன் இரண்டும் படுக்க இடமில்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

தனலெட்சுமி அதை அதே தண்ணீரோடு ஒரு வாளியில் எடுத்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ராமதாஸ் வேன் ஓட்டினார்.

யூசுப்பின் வளர்ப்புமீன் கடை டத்தோ கிராமாட் பக்கம். ஹரீஷுக்கு அனிமோனை விற்றவனே அவன்தான். வாளித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, மருந்து இரண்டு சொட்டு விட்டு ஆட்டினான். தண்ணீர் நீலமாக மாறியது. அவன் முகமும் மாறியது.

"அக்கா, தொட்டிக்குள்ள செம்பு எதுவும் போட்டீங்களா?"

தனலெட்சுமி கணவரைப் பார்த்தாள்.

"ஏர்கானுக்கு செம்புதான் தம்பி உயிரே. அத விட்டா வேற என்ன போடுவாங்க?" என்றார் ராமதாஸ்.

"அண்ணே, ஏர்கான்ல செம்பு காத்துலதானே இருக்கு! உப்புத் தண்ணி செம்ப அரிச்சுரும்ணே. அது கரைஞ்சு இறங்குனா மீனு கொஞ்சம் தாங்கும். இறாலு, அனிமோனுக்கெல்லாம் விஷம். அதுக்குத்தான் கடை சில்லர்ல டைட்டானியம் வெக்கிறாங்க. வெலையும் அதுக்குத்தான்."

ராமதாஸ் சுவரில் அடுக்கியிருந்த தொட்டிகளைப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் செம்போடு பழகியவர். அவமானமாக இருக்க வேண்டிய நேரம் என்று தெரிந்தது. அவமானமும் வரவில்லை.

"இது பொழைக்குமா தம்பி?" என்றாள் தனலெட்சுமி.

"இங்க என் தொட்டியில போட்டுப் பாக்குறேங்க்கா. கல்ல புடிச்சா பொழைச்சுரும். ஆனா சில்லர் மாத்தாம, செம்பு போகாம, வீட்டுக்குக் குடுக்கமாட்டேன். சில்லர மாட்டிக்குங்க, காசு மெல்லக் குடுங்க."

"கடன் வேணாம்" என்றார் ராமதாஸ் உடனே. "நான் ஒருத்தன்கிட்ட ஒரு காசு..."

"நான் வாங்கிக்கிறேன் தம்பி" என்று தனலெட்சுமி குறுக்கே வந்தாள். "என் காசு வெளிய நிக்குது. வசூல் பண்ணிட்டுக் குடுத்துர்றேன்."

வேனில் ஏறியதும் அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். "என் நாலாயிரத்தக் குடுங்க."

"நான் வாங்கித் தர்றேன் தனம். அதென்ன ஒங்காசு, எங்காசு?"

"நீங்க வாங்கித் தந்தா நீங்க செஞ்ச மாதிரி ஆயிரும். நாளைக்கு அதையும் எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. இது அவந்தொட்டி. எங்காசுல நடக்கட்டும். குடுக்குறத யூசுப் முன்னாடி குடுங்க."

ராமதாஸ் வேனைக் கிளப்பினார். சிக்னல் விளக்கில் நின்றபோது, "சரி" என்றார்.

அன்றே செம்புச் சுருளை வெளியே எடுத்தார். அதில் பச்சை படர்ந்திருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, யூசுப் அனுப்பிய கடல்நீரை நிரப்பினார். செம்பை இழுக்கும் கரியையும் பையில் கட்டிப் போட்டார். அந்த வாரம் முழுக்க அதே வேலை: இறைப்பது, நிரப்புவது. எழுபது வயதுக்காரர் வாளி வாளியாகத் தூக்கினார். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

கடைசிச் சோதனையில் நீலம் வரவில்லை. மறுநாள் காலை யூசுப் சில்லரைக் கொண்டு வந்தான். "அக்கா, கல்ல புடிச்சிருச்சு! நேத்து ஒரு துண்டு இறால் தின்னுச்சு" என்று வாசலிலேயே சொன்னான். தனலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யூசுப் சில்லரை அலமாரிக்குள் தள்ளப் போனான்.

"அங்க வெக்காத தம்பி" என்றார் ராமதாஸ். "வெளிய விடுற சூட்ட அதுவே திரும்பக் குடிக்கும். சன்னல் பக்கம் வை."

"அது சரிதாண்ணே. அத நீங்கதான் சொல்லணும்."

பம்பிலிருந்து ஒரு குழாய் உள்ளே, மறுபக்கம் ஒரு குழாய் தொட்டிக்கு. வளையம் போட்டு இறுக்கினார். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினார். இருபத்தாறில் வைத்தார். இயந்திரம் மெல்ல உறுமியது; சத்தம் சுத்தமாக இருந்தது.

யூசுப் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். தனலெட்சுமி அவனிடம் போகவில்லை. கணவர் முன்னால் வந்து வலது கையை விரித்தாள்.

யூசுப் சிரித்தான். "என்னக்கா, அண்ணன்கிட்டயா வசூல்? அவருதான் கடனே வாங்காத ஆளாச்சே!"

ராமதாஸ் சட்டைப்பையிலிருந்து வங்கிக் கவரை எடுத்தார்.

"வாங்கியிருக்கேன் தம்பி" என்றார். "என் மொத வேனு இவ காசு. நாலாயிரம். இன்னைய வரைக்கும் குடுக்கல."

யூசுப்பின் சிரிப்பு நின்றது. "அப்படியாண்ணே" என்றான், தரையைப் பார்த்து.

ராமதாஸ் நூறு வெள்ளி நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அவள் உள்ளங்கையில் வைத்தார். இருபதைத் தாண்டியபோது நோட்டுகள் சரியப் பார்த்தன. அவள் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அவர் குரல் எங்கேயும் தடுக்கவில்லை.

"முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. நாப்பது."