அடிப்பக்கம் கரைந்த பனி

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கூடத்துப் பியூன் பெரியகருப்பன், நான் வேலை பார்க்கும் புகையிலைக் கம்பெனி வாசலில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சார், டீச்சரு போர்டுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாக. செத்த நேரம் உக்காந்துக்கிறேன்னாக. அம்புட்டுத்தான் சார்."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ரோஸ்மேரி என் மனைவி. திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தாள். பனி விழுந்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு தை மாத விடியலில், கொடைக்கானலில், புல்லின்மேல் உறைந்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்கும் பனிக்கும் இருந்த பழக்கம். அப்படிப்பட்டவள் தென்துருவத்துப் பனிக்காக என்னோடு வருஷக்கணக்கில் வாதாடினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து பூமியை அளக்கப் புறப்பட்டார்கள். தென்துருவத்தில் கூடாரம் போட்டார்கள், பனியில் குழி தோண்டி ஒவ்வொரு வருஷத்துப் படிவையும் பார்த்தார்கள், கம்புகளை நட்டு மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்தார்கள், வெடி வைத்து எதிரொலியால் ஆழம் கண்டார்கள். பத்திரிகையில் வந்ததையெல்லாம் அவள் சோறு போடும்போது எனக்குச் சொல்வாள்.

"இவ்வளவு செஞ்சும், அந்தப் பனி மொத்தத்துல கூடுதா குறையுதான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள் ஒருநாள்.

"அதுல என்ன கஷ்டம்?"

"நம்ம தண்ணித் தொட்டி மாதிரிதாங்க. வானத்துலருந்து விழுறது வரவு. கரையிறதும் கடலுக்குள்ள உடைஞ்சு போறதும் செலவு. கழிச்சா தெரிஞ்சுரும்."

"அப்பக் கழிக்க வேண்டியதுதானே?"

"போயிக் கழிச்சுட்டு வாங்க. மப்ளர் எடுத்துக்கங்க."

"எல்லாம் கரைஞ்சா கடல் திண்டுக்கல்லுக்கு வந்துருமா ரோசு?"

"நம்ம ஊருக்குக் குடிதண்ணியே வரமாட்டேங்குது. கடலா வரப்போகுது?"

ஐம்பத்தொன்பதில் பள்ளியில் பொருட்காட்சி. மூத்த விஞ்ஞான ஆசிரியை ஓய்வு பெறப்போகிறார்; அந்த இடத்துக்கு யார் என்பதை, பொருட்காட்சிக்கு வரும் இன்ஸ்பெக்டர் அம்மாள் சிபாரிசு செய்வார் என்று பேச்சு. ரோஸ்மேரிக்கு அந்த வேலைமேல் தீராத ஆசை. சம்பளத்துக்காக அல்ல, ஆய்வுக்கூடத்துச் சாவிக்காக. ஒரு கண்ணாடிக் குடுவைக்குக்கூட அவள் அடுத்தவரிடம் போய் நிற்கவேண்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐஸ் வியாபாரம் செய்த கிதர் முகம்மதிடம் ஒரு பெரிய பாளம் கேட்டாள்.

"சர்பத்துக்கா டீச்சரம்மா?"

"இல்ல பாய், குச்சி நடுறதுக்கு."

"எல்லாரும் ஐஸைத் திம்பாக. நீங்கதான் அதுல வெள்ளாமை பண்றீக" என்று சிரித்தவர், தராசையும் கூடவே கொடுத்தனுப்பினார்.

பள்ளி முற்றத்துச் சிமெண்டு மேடைமேல் பாளத்தை வைத்து, காய்ச்சிய கம்பியால் துளைபோட்டு மூன்று மூங்கில் குச்சிகளை நட்டாள். இன்ஸ்பெக்டர் அம்மாள் மதியம்தான் வருவார் என்பதால், அதுவரை தாங்கட்டும் என்று பாளத்தின்மேல் உமியைக் கொட்டிச் சாக்கைப் போர்த்தினாள். குச்சி எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு பனி போயிற்று என்று கணக்கு. தராசும் அதையே சொல்லும் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தாள்.

மதியம் சாக்கை விலக்கினாள். குச்சிகள் நட்டபடியே இருந்தன. "பார்த்தீங்களா, அதிகம் போகல" என்று சொல்லி வாய் மூடவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாள் காலைத் தூக்கினார். செருப்பை நனைத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது. பெரியகருப்பன் பாளத்தைத் தராசில் ஏற்றினார். காலை எடையில் ஏறக்குறையப் பாதி காணோம்.

"உங்க குச்சி பொய் சொல்லுதா, தராசு பொய் சொல்லுதா?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மாள்.

"தராசு ரொம்பப் பழசு" என்று தலைமை ஆசிரியை கைகொடுக்கப் பார்த்தார். பெற்றோர்களோடு நின்றிருந்த எனக்கும் அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அவள் குனிந்து மேடையைத் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து வெயில் குடித்த சிமெண்டு. "தராசு சரிதாம்மா" என்றாள். "அடியில கரைஞ்சிருக்கு. பாளம் இறங்கினப்போ குச்சியும் கூடவே இறங்கிருச்சு. குச்சிக்கு மேல் பக்கம் மட்டும்தான் தெரியும். நான் அடியைப் பார்க்காம விட்டுட்டேன்." பிறகு எழுதி மாட்டிய அட்டையைத் தானே கழற்றினாள்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. சாவியும் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்தவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, தென்துருவத்துலயும் கடல்மேல மிதக்கிற பனிக்கு அடியில கரையுமில்ல? அதை எந்தக் கம்பு சொல்லும்?" என்றாள்.

"சட்டியில வெஞ்சனம் கரியுது, அதைப் பாரு."

அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து அதையேதான் கேட்டாள். பிறகு வந்த கோடைகளில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எத்தனை பாளம் கரைந்தது என்று எனக்குத் தெரியாது. மேலே குச்சி, பக்கத்தில் தராசு, அடியில் வடியும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பாத்திரம். மூன்றும் ஒரே கணக்கைச் சொல்லவேண்டும். தண்ணீர்தான் எப்போதும் குறைந்தது, எங்கேயாவது கசிந்துவிடும்.

அந்த மூத்த ஆசிரியை வேலை இந்த வருஷம், அறுபத்தாறில், மறுபடி காலியானது. மறுபடியும் பொருட்காட்சி, மறுபடியும் அதே இன்ஸ்பெக்டர் அம்மாள். வருகிற திங்கட்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். "செருப்பைக் கழட்டி வச்சுட்டு வரச் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே, இந்தத் தடவை கசியாத தட்டு ஒன்றைத் தகரத்தில் தானே செய்ய உட்கார்ந்தாள். புதன்கிழமை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், சொல்லிவைத்த பாளம் வேண்டாம் என்று சொல்லக் கிதர் முகம்மதிடம் போனேன். அவர் கடைக்குள் பார்த்துக்கொண்டே, "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக யாராச்சும் வந்து கேட்டா குடுத்துர்றேன் சார்" என்றார்.

அந்தத் தட்டுத் தகரம் கொல்லைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. மூன்று பக்கத்து விளிம்பையும் சுத்தியலால் தட்டி மேலே மடக்கிவிட்டாள். நாலாவது பக்கம் மடக்கவில்லை.