அப்பாவின் புறங்கையும் ஒரு வைஃபை பெட்டியும்

இங்கே வீட்டில் இணையம் படுத்துக்கொண்டால் தபாலில் கடிதம் வருகிறது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் மேசைக் கணினியில் வைஃபை ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் சொன்னேன். நான்காம் நாள் தபால் பெட்டியில் ஓர் உறை கிடந்தது. ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று தொடங்கி, மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே தொழில்நுட்பப் பணியாளர் வருவார், அதுவரை பொறுத்தருளவும் என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஜெர்மனிக்குச் செவிலியராக வந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படிக்கட்டிலேயே நின்றேன்.

திருத்தங்கலில் எங்கள் வீட்டில் நெட் நின்றால் மொட்டைமாடியில் ஏறி கேபிள்காரர் வீட்டுப் பக்கம் ஒரு குரல் கொடுத்தால் போதும். “என்னக்கா, போயிருச்சா?” என்று பைக்கில் வந்து இறங்குவார். வயரை இரண்டு ஆட்டு ஆட்டுவார். “இப்பப் பாருங்க” என்பார். வந்துவிடும். ஏன் போனது, ஏன் வந்தது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இங்கே எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல ஆள் இருக்கிறது, நெட்தான் வரவில்லை.

வெறும் நெட் என்றால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அப்பா வந்திருந்தார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு திருத்தங்கல் வீட்டில் அவர் தனி ஆள். நான் ஒரே பிள்ளை. என்னைப் போலச் சமீபத்தில் வேலைக்கு வந்தவர்கள் சிலருக்குப் பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, முதலில் மூன்று மாத விசாவில் அவரை வரவழைத்தேன். அந்த மூன்று மாதத்துக்குள் அவர் வாயிலிருந்து ‘சரி’ என்று ஒரு சொல் வரவேண்டும். வந்தால் மற்ற வேலைகளைத் தொடங்கலாம். வந்த முதல் வாரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். என் மகள் மிரியத்தை மடியில் வைத்துக்கொண்டு, கணினித் திரையில் தன் சிநேகிதர் ராஜமணி மாமாவோடு பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, “மூஞ்சி ஒழுங்காத் தெரிஞ்சா எங்கன இருந்தா என்னம்மா?” என்றார். அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ராஜமணி மாமாவின் முகம் திரையில் ஒழுங்காகத் தெரிவது என் பொறுப்பாகிவிட்டது.

போனில் பேச அப்பாவுக்குக் கண் ஒத்துழைக்காது. பெரிய திரை வேண்டும். அதனால்தான் கூடத்து மேசைக் கணினி. முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் பிடித்தது சனியன். ராஜமணி மாமா வாயைத் திறந்தபடியே அசையாமல் நிற்பார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வரும், பிறகு சக்கரம் சுற்றும். “வாயி அசையுது, சத்தம் வேற எங்கனயோ கெடக்கு” என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து சன்னலோரம் போய் நிற்பார். அவர் அப்படி நிற்கும்போதெல்லாம் நான் காலண்டரைத் திரும்பிப் பார்ப்பேன். நாள் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று இருக்கும்.

நானும் என் கணவர் டேனியலும் செய்யாத வைத்தியம் இல்லை. கணினிப் பெட்டி மேசைக்கு அடியில், குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றும் இரும்புக் கருவியை ஒட்டி இருந்தது. இரும்பு அலையைத் தடுக்கும் என்று எங்கோ படித்து, மேசை மேல் தூக்கி வைத்தோம். பெட்டியின் முதுகிலிருந்த இரண்டு ஆன்டெனாக் கொம்புகளையும் ஒரு தடவை மேலே, ஒரு தடவை பக்கவாட்டில் என்று திருப்பிப் பார்த்தோம். கணினியின் வைஃபை மென்பொருளைப் புதுப்பித்தோம். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாருடைய வைஃபையும் ஒரே சேனலில் நெருக்குகிறது என்று சேனலை மாற்றினோம். மைக்ரோவேவில் யாரும் எதையும் சுடவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். கடைசியில் நீளக் கேபிள் வாங்கி, நடைவழியில் இருந்த ரூட்டரிலிருந்து நேராகக் கணினிக்கே இழுத்தோம். கேபிளிலும் அதே ஆமை வேகம்தான். அதோடு எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. வைஃபை வேண்டாம் என்று கம்பியிலேயே கொடுத்தாலும் வரமாட்டேன் என்றால் அது என்ன நோய்? விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்த டேனியல், “சரக்கு வர்ற எடத்துலயே கொறையுது எஸ்தர், நம்ம கடையில தேடி என்ன செய்ய?” என்றார். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

கடிதம் வந்த பிறகும் பொறுமை இல்லாமல் மறுபடி போன் செய்தேன். மறுமுனையில் ஓர் இளைஞர், பாலாடைக் கட்டியை நறுக்குவது போன்ற ஜெர்மனில், “ஒரு நாளைக்கு எத்தனை முறை ரூட்டரை அணைத்துப் போடுகிறீர்கள்?” என்று கேட்டார். ஒரு முறைகூட இல்லை என்றேன். “நேற்று மட்டும் பதினொரு முறை மின்சாரம் போய் வந்திருக்கிறது, அம்மையீர்.” நேற்று பகல் முழுக்க நான் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தேன், கணவரும் வேலைக்குப் போயிருந்தார், நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று குரலை உயர்த்தினேன். அவர் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவே இல்லை என்பது இப்போது புரிகிறது. அந்நிய மொழியில் கேள்விகூட எனக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கிறது. “அப்படியானால் கருவிதான் பழுது” என்று முடித்துக்கொண்டார். இரண்டு நாளில் புது ரூட்டர் பார்சலில் வந்தது. பழையதைவிட அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் அதற்கும் அதே நோய் தொற்றியது. வீட்டில் ஏதோ சரியில்லை, போதகரை அழைத்து ஜெபம் பண்ணலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. உயரமான, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நடைவழியில் மண்டியிட்டு, சுவரிலிருந்த இணைப்பில் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்து, “கம்பி நன்றாக இருக்கிறது, மிக நன்றாக இருக்கிறது” என்றார். அடுத்து ரூட்டரை மாட்டி, தன் மடிக்கணினியில் அதன் குறிப்பேட்டைத் திறந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள், அணைப்பு, அணைப்பு, அணைப்பு. சனி, ஞாயிறில் ஒன்றுகூட இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில்தான் அப்பா சமையலறையிலிருந்து வந்தார். தோளில் துண்டு. அந்தப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, குனிந்து, ரூட்டரின் மேல் புறங்கையை வைத்தார். ஒரு நொடி. பிறகு, குழாயை மூடுவது போல, சாதாரணமாகப் பிளக்கைப் பிடுங்கினார்.

மடிக்கணினியில் இணைப்பு செத்தது. அந்தப் பெண் “ஆ!” என்றார்.

“என்னப்பா செய்றீக?” என்று கத்தினேன்.

“சூடாயிருச்சும்மா. பத்து நிமிசம் ஆறட்டும், நானே போட்டு விடுதேன்.”

“டெய்லி இதத்தான் செய்றீகளா?”

“பெறகு? பிள்ள தூங்குற ரூம் வாசல்ல இம்புட்டுச் சூட்டோட ஒரு பெட்டி இருந்தா, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதியா?”

அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் முப்பது வருடம் போர்மேன். விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வெயில் ஏறுவதற்குள் மருந்து வேலையை முடிக்கவேண்டும். அங்கே ஒவ்வோர் அறையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்கும். அப்பாவுக்கும் ராஜமணி மாமாவுக்கும் வேலை, அறை அறையாகப் போய்ப் பார்ப்பது. கலந்து வைத்த மருந்தில் ஈரம் பட்டிருந்தால் அது தானாகவே சூடேறும். புகை வந்த பிறகு பார்த்தால் பார்க்க ஆள் இருக்காது. அதனால் கண்ணை நம்பாமல் புறங்கையை நம்புகிறவர் அவர். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா புறங்கையை நெற்றியில் வைத்து, “நூறு தாண்டிருச்சு” என்பார். தாண்டியிருக்கும். அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அக்கம்பக்கத்தில் அந்தப் பாக்கியம் இல்லாத கம்பெனிகளின் பெயர்கள் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

“சரி, சனி ஞாயிறு ஏம்ப்பா செய்யல?” என்று கேட்டேன். உண்மையில் அதுதான் என்னைக் குழப்பியது.

“அன்னிக்கு நீங்க இருக்கீகள்ல. ஆள் மாறுனாப் பொறுப்பும் மாறும். நீங்க தொட்டுப் பாத்துக்கிடுவீகன்னு இருந்தேன்.”

நாங்கள் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. 

அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எந்த ஜெர்மனில் சொல்வது? “என் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்பு வேலை பார்த்தவர்” என்றேன். அவர் முகம் சட்டென்று மாறியது. என் அப்பாவைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாரோ, கருவிகளைச் சற்று அவசரமாகப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். “தீபாவளிக்கு... பட்டாசு... பிள்ளைகள் கொளுத்துவது” என்று அள்ளித் தெளித்தேன். புத்தாண்டுக்கு வானத்தில் விடுகிறார்களே, அது என்று கையைக் காட்டினேன். ஒருவழியாகப் புரிந்து, சிரித்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினார். ரூட்டர் கொஞ்சம் சூடாகத்தான் இருக்குமாம், அதனால் ஆபத்தில்லையாம். ஒரு வீட்டு இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால், கம்பி பழுது என்று நிறுவனத்தின் இயந்திரமே முடிவுகட்டி, வேகத்தைத் தானாகக் குறைத்துவிடுமாம். அதனால்தான் மாலையில், யாரும் தொடாத நேரத்தில்கூட, ராஜமணி மாமா வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறார். இனி அணைக்காமல் விட்டால் சில நாட்களில் வேகம் தானே ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு நீல உறைகளைக் கழற்றிக்கொண்டு போனார்.

“இனிமே அதத் தொடவேண்டாம்ப்பா” என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். இத்தனை வாரம் பைத்தியம் பிடித்து அலைந்த எரிச்சல். அப்பா “சரிம்மா” என்றார். நான் இத்தனை நாள் காத்திருந்த ‘சரி’ அதுவல்ல.

வேகம் ஏறியது. ராஜமணி மாமாவின் மீசையில் நரை எத்தனை என்று எண்ணலாம் போலத் துல்லியம். அவருக்குப் பின்னால் சுவரில் புது வருடக் காலண்டருக்கான மாதிரித் தாள் தொங்குவதுகூடத் தெரிந்தது. அப்பா முன்பைவிடக் குறைவாகப் பேசினார். பகலில் நடைவழிப் பக்கம் போகாமல் சுற்றி வந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர் போல அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம், திரையை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“டிக்கெட்டு போட்ட தேதிக்கே போயிருதேம்மா. தீவாளி சீசன் வருது. கம்பெனியில புதுப் பிள்ளைகளா எடுத்திருக்காகளாம். ராஜமணி ஒத்தையாக் கெடக்கான்.”

“படம்தான் இப்ப நல்லாத் தெரியுதேப்பா?”

“நல்லாத் தெரியுது. ஒன்னையக் கொற சொல்லல தாயி. இங்கன எல்லாமே தன்னாலயே ஓடுது.”

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். படம் தெளிந்ததால் ஊர் இழுத்ததா, அல்லது இந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே வேலையை நான் பறித்துவிட்டேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இணையம் ஓடாவிட்டால் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பெண் கருவியோடு வந்தார். இதற்கு யாரை வரச்சொல்லிக் கடிதம் போடுவது?

ஆகஸ்டில் அப்பா போனார். இப்போது திருத்தங்கல் வீட்டிலும் பெரிய திரை வைத்திருக்கிறார். அக்டோபரில் ஒரு மதியம், மிரியமும் நானும் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அங்கே சாயங்காலம். அவருக்குப் பின்னால் சன்னல் மெல்ல இருண்டு வந்தது. தூரத்தில் ஓர் உறுமல் கேட்டது. பட்டாசு வேலையில் இடி கேட்டால் கேள்வி கிடையாது. கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடவேண்டும். அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

“இடி இடிக்குதும்மா. மெயின அமத்துதேன். பெறகு வாரேன்.”

திரை கறுத்தது. எங்கள் சன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மரங்களெல்லாம் மஞ்சளாகப் பழுத்து, ஓர் இலைகூட அசையாமல் நின்றன. மிரியத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நடைவழிக்குப் போய், குனிந்து, பிளக்கைப் பிடுங்கினேன்.

உள்ளறையில் மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேனியல் சத்தம் போட்டார்.

“எஸ்தர், நெட்டு போயிருச்சா?”

“ஆமா,” என்றேன். “இடி இடிக்குது.”