எதிரணி அக்கா

சில ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போன வாரத்தில், ஜெகதாப்பட்டினத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் இது நடந்தது. யோகா தினத்தையொட்டி அவ்வூர்ப் பெண்கள் பட்டிமன்றம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். 'யோகம் உடற்பயிற்சியா, வாழ்க்கை நெறியா?' என்பது தலைப்பு. கல்லூரி நாள் முதலே மேடைகளில் பரிசு வாங்கிப் பழகிய எனக்கு வாழ்க்கை நெறி அணி. உடற்பயிற்சி அணிக்கு எங்கள் பட்டிமன்றக் குழுவின் அக்கா ஒருவர். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு, பள்ளியில் யோகா கற்றுத் தருபவர். சீட்டுக் குலுக்கியதில் அப்படி அமைந்துவிட்டது.

அவர் எங்களில் ஒரு தனி ரகம். வேனில் போகும்போது மற்றப் பேச்சாளர்களை நாங்கள் கிழித்துத் தொங்கவிடுவோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கைதட்டல் கூடினாலும் குறைந்தாலும் ஒரே மாதிரி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். அதைக் கூச்ச சுபாவம் என்றே நான் நினைத்திருந்தேன்.

அன்று முற்பகல் நாங்கள் போய் இறங்கியபோது மண்டபத்தில் பேச்சு தணிந்திருந்தது. விடியலில் கரை சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு படகுகள் வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. ஒரு படகில் போயிருந்தவர் அக்காவின் கணவர். மற்றதில் போயிருந்தவரின் மனைவி, கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா மாலையில் நடத்தும் யோகா வகுப்புக்கு வருகிறவர். பட்டிமன்றத்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்றார் நடுவர். அக்கா சம்மதிக்கவில்லை.

“வீட்ல உக்காந்து வாசலப் பாத்தா மட்டும் கடலுக்குப் போன போட்டு வந்துருமாங்கய்யா? நடத்துவோம். இங்கன இருந்தா நாலு பேரு மொகத்தையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கலாம்.”

முதலில் நான் பேசினேன். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம் என எட்டு அங்கங்களையும் ஒரே மூச்சில் அடுக்கினேன். பிறருக்குத் தீங்கு நினையாமையும் வாய்மையுமே யோகத்தின் முதற்படி என்றும், உடலை வளைப்பது அதற்குப் பின்புதான் என்றும் முழங்கினேன். இன்பத்தில் துள்ளாமலும் துன்பத்தில் துவளாமலும் நிற்கும் சமநிலையே அதன் கனி என்று குரலை உயர்த்தி முடித்தபோது, கவலையில் இருந்த அந்தக் கூட்டமே கைதட்டியது. வென்றுவிட்டேன் என்றே அமர்ந்தேன்.

அக்கா எழுந்தார். “தம்பி எட்டுப் படியையும் மூச்சு விடாம ஏறிட்டாரு. கொஞ்சம் எறங்கி வரச் சொல்லுங்கய்யா. கீழ எங்களுக்கு முட்டி வலிக்குது” என்றார். காலையிலிருந்து சிரிக்காத பெண்கள் சிரித்தார்கள். குனிந்து வலை இழுப்பவர் முதுகையும், நாளெல்லாம் குந்தியிருந்து மீன் தரம் பிரிப்பவர் முழங்காலையும் வைத்து அவர் என் வாதத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது, மேசையில் என் பக்கமாக இருந்த அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. நடுவர் தலையசைக்க, வந்து எடுத்தார். எதிர்முனைக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. பேசியவர் அவர் கணவர். என்ஜின் கோளாறால் தாமதமாகிவிட்டது, இப்போதுதான் கரையேறினோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றப் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆட்களுக்கு அடி ஏதுமில்லை என்றார்.

முதற்பாதியே என் காதில் நின்றது. மேடைக்காரனின் புத்தி உடனே வேலை செய்தது. இந்தச் செய்தியை ஒலிபெருக்கியில் சொன்னால் மண்டபம் எப்படி ஆர்ப்பரிக்கும்! என் கை ஒலிவாங்கியை நோக்கி நீண்டுவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தம்பி, மைக்கத் தொடாதீங்க. அவ கேட்டுக்கிட்டு இருக்கா.”

அவர் முகத்தில் மகிழ்ச்சியின் சாயல்கூட இல்லை. இல்லை என்பதும் சரியல்ல. வந்த மகிழ்ச்சியை எங்கோ ஓர் ஓரத்தில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். ஒருமுறை நிதானமாக மூச்சை இழுத்து விட்டார். படியிறங்கிப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்தார். கேள்வி அந்தப் பெண்ணிடமிருந்துதான் முதலில் வந்தது: “ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரா அக்கா?”

அக்கா பொய் சொல்லியிருக்கலாம், பேச்சை மாற்றியிருக்கலாம். “வந்துட்டாரு. ஒங்க போட்டத்தான் புடிச்சுட்டாங்களாம். ஆளுகளுக்கு ஒண்ணும் இல்லையாம். ஆபீசுக்குப் போயிக் கேப்போம், நானும் வாரேன்” என்றார், கையைப் பற்றியபடி.

அந்தப் பெண்ணுக்கு அழுகை வரவில்லை; மூச்சுத்தான் அடைத்தது. அக்கா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை அவர் முதுகில் வைத்தார். தாமே மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அந்த மூச்சோடு இந்த மூச்சும் சேர்ந்து நடக்கத் தொடங்கியது. பிறகுதான் அழுகை வந்தது.

அழுகைக்கு நடுவில் அந்தப் பெண் சொன்னார்: “நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. அவரு பசியோட வந்துருப்பாரு.”

“அவருக்குச் சோறு போட்டுத் திங்கத் தெரியும். நீ எந்திரி.”

இருவரும் மீன்வளத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது. தீர்ப்பு வழங்கப்படவில்லை. நாற்காலிகளுக்கு முன்னால் நானும் நடுவரும் மட்டும் நின்றோம்.

பிடிபட்டவர்கள் ஊர் திரும்பச் சில வாரங்கள் ஆயின. அதுவரை, பள்ளி விட்டதும் அக்கா அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அலுவலகங்களுக்கு அலைந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த முறை வேனில் சந்தித்தபோது அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. “அன்னைக்கு என் பேச்சு பாதியிலயே நின்னுபோச்சு தம்பி, ஒங்களுக்குத்தான் லாபம்” என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்றும் யோகத்தைப் பற்றிப் பேச அழைத்தால் போகிறேன், எட்டு அங்கங்களையும் சொல்கிறேன். ஆனால் 'சமநிலை' என்ற சொல் நெருங்கும்போது, கைதட்டலுக்காகக் குரலை உயர்த்தும் அந்த இடத்தில், என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுகிறது, குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.