மெதுவா அழுங்க அக்கா

எழுபதுகளில் எங்கள் ஊரான புந்தோங்கில் எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார். பெயர் யாருக்கும் தெரியாது. மேளக்காரர்களையும் ஒப்பாரி வைப்பவர்களையும் அடக்குவதுதான் அவர் வேலை.

என் சித்தப்பா இறந்த அன்றும் வந்தார்.

"மெதுவா அழுங்க அக்கா. எதிர்வீட்டுச் சீனவங்க பாக்குறாங்க. நம்ம இனத்தப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டுச் சீன முதலாளியான தவுக்கே துக்கம் கேட்க வந்தார். சீனர்கள் சாவு வீட்டில் கூலிக்கு ஆள் வைத்தாவது அழவைப்பவர்கள். வீடு நிசப்தமாக இருப்பதைப் பார்த்து, "பாவம், இவருக்கு அழ ஆளில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

டைக்காரர் உள்ளே ஓடினார். "அக்கா, சத்தமா அழுங்க! மானம் போவுது லா!"

"இப்ப வரலியே தம்பி" என்றார் சித்தி.

டைக்காரர் யோசிக்கவே இல்லை. டையைத் தளர்த்திக்கொண்டு, சித்தப்பாவின் காலடியில் விழுந்து, "அண்ணே!" என்று கதறினார். தெருவே திரும்பிப் பார்த்தது. கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. அது யாருக்கான கண்ணீர் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"கூடப் பிறந்த தம்பியா?" என்று தவுக்கே என்னிடம் மெல்லக் கேட்டார்.

டைக்காரரோ சித்தப்பாவை உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர். நானும் மானத்தை விட்டுக்கொடுக்காமல், "ஆமாம்" என்றேன்.